குகையாற்றில் மூன்று விளக்குகள்

கரிபியன் கடலின் மேற்கோரத்திலே, மெக்சிக்கோவுக்குத் தெற்கிலும் குவாத்தமாலாவுக்குக் கிழக்கிலுமாக அமைந்துள்ள சிறு நாடு பெலீஸ். உல்லாசப் பயணக் கப்பல்கள் அந்நாட்டை அணுகும்போது நகரத்துக்கு நேரே சென்று துறை பிடிப்பதில்லை. பெலீஸ் நகரை ஒட்டிய கடல் ஆழமற்றது. ஆதலால் பெருங்கப்பல்கள் கரைக்குச் சில மைல் அப்பால் நங்கூரமிட்டு நிற்பதே நெடுங்கால வழக்கம். பயணிகள் சிறு விசைப்படகுகளில் ஏறிக் கரை சேர்வர். தாய், தந்தை, பிள்ளைகள், சில வேளை பாட்டன் பாட்டியருமாக வரும் குடும்பங்கள் அவர்களுள்ளே பல. மாலையில் கப்பல் புறப்படுமுன் அவர்கள் திரும்பிவிட வேண்டும். கிடைப்பதோ ஒரே ஒரு பகற்பொழுது. அப்பொழுதிலே அவர்களுட் பலர் நாடுவது விந்தையானதொரு பயணம். காற்றடைத்த இறப்பர் வளையத்தில் அமர்ந்து, மலைக்குகையினூடே ஓடும் ஆற்றில் மிதந்து வருதலே அது.

இஃது ஒரு நீர்விளையாட்டு. இதில் வரலாற்றுக்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் அந்த ஆறு ஓடும் நாட்டின் இருளினுள்ளே, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதர் வெவ்வேறு விளக்குகளை ஏந்திச் சென்றிருக்கின்றனர். முதலாவது விளக்கு வழிபாட்டுக்கு ஏந்தியது. இரண்டாவது அடிமைத் தொழிலுக்கு ஏந்தியது. மூன்றாவதே இன்று பிள்ளைகளின் தலைக்கவசத்தில் ஒளிரும் மின்விளக்கு. முதலிரண்டையும் அறியாதவர் மூன்றாவது விளக்கின் ஒளியில் அங்கே காண்பது மிகச் சொற்பம்.

முதலில் வழியைப் பார்ப்போம். பெலீஸ் நகரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, நாட்டின் முதற் பிரதமரின் நினைவாக 2012ஆம் ஆண்டு ஜோர்ஜ் பிரைஸ் நெடுஞ்சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது. சதுப்பு நிலத்தையும் ஊசியிலை மரங்கள் நிற்கும் சமவெளியையும் அது கடந்து செல்கின்றது. அதே சாலையில் இன்னும் மேற்கே சென்றால் தலைநகரான பெல்மோப்பானை அடையலாம். 1961ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி வீசிய ஹற்றி என்னும் சூறாவளி கடலோர நகரைச் சிதைத்தது. அதன்பின் உள்நாட்டிலே புதிதாக ஒரு நகரை எழுப்பி, 1970ஆம் ஆண்டில் அதனைத் தலைநகராக்கினர். பிரித்தானிய ஹொண்டுராஸ் என்று வழங்கிய குடியேற்றநாடு 1973ஆம் ஆண்டில் பெலீஸ் எனப் பெயர் பெற்றது. 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி அது சுதந்திரம் அடைந்தது.

நகரிலிருந்து ஏறத்தாழ 37 மைல் சென்றதும் ஒரு கிளைவழி தெற்கே பிரிந்து காட்டினுள் இறங்குகின்றது. அங்கேதான் நொஹோச் சேன் தொல்பொருட் காப்பகம் உள்ளது. அதனூடே ஓடும் ஆற்றுக்குக் ‘கேவ்ஸ் பிராஞ்ச்’ என்று பெயர். குகைக் கிளையாறு என்பது அதன் பொருள். அது சிபுன் என்னும் பேராற்றுடன் கலக்கின்றது. சிபுனோ மாயா மலைத்தொடரிற் பிறந்து, பெலீஸ் நகருக்குத் தெற்கே கடலை அடைகின்றது.

வருவோர் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசமும், விளக்கும், மிதப்புச் சட்டையும், இறப்பர் வளையமும் கொடுக்கப்படும். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுவழியே நடக்க வேண்டும். இடையிடையே ஆற்றைக் காலாற் கடக்கவும் வேண்டும். பின்பு குளிர்ந்த நீரில் வளையத்தை இட்டு அமர்ந்ததும், வழிகாட்டி ஒவ்வொருவரையும் மற்றவரோடு பிணைத்துவிடுகிறார். பின்னிருப்பவரின் கால்களை முன்னிருப்பவர் தம் கைகளால் அணைத்துக்கொள்வர். தந்தையின் பின்னே மகள், மகளின் பின்னே தாய், தாயின் பின்னே மகன் என்று குடும்பம் முழுவதும் ஒரு சங்கிலியாகிக் குகையின் வாயினுட் செல்லும். சிறிது தூரத்தில் பகலொளி மங்கும்; பின்பு அறவே மறையும். தலைவிளக்கின் ஒளி படும் இடமெல்லாம் கூரையிலிருந்து தொங்கும் கற்கூம்புகள் தெரியும். மழை மிகுந்து ஆறு பெருகிய நாட்களில் எவரும் உள்ளே விடப்படார். குகையாறு விளையாட்டை அறியாதது.

இக்குகை உண்டான விதம் யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு எளிதில் விளங்கும். மழைநீர் வானிலிருந்து இறங்கும்போதும் மண்ணினூடே வடியும்போதும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களில் அந்நீர் புகுந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்து வழியமைக்கின்றது. நிலாவரைக் கிணற்றைத் தோற்றுவித்ததும் இதே செயலே. மாயா மக்களின் மொழியிலே ‘சேன்’ என்னும் சொல் கிணற்றையும் குறிக்கும், குகையையும் குறிக்கும். ‘நொஹோச்’ என்றால் பெரியது. நிலத்தின் அடியிலே நீர் உறையும் இடம் எதுவாயினும் அவர்களுக்கு அது ஒரே வகையைச் சேர்ந்தது. அந்தச் சொல்லிலேயே அவர்களுடைய சமயத்தின் வாயிலும் திறக்கின்றது.

மாயா நாகரிகத்தின் செழுமைக்காலம் கி.பி. 250 முதல் 900 வரை என்பர். எழுத்தும், வானநூலும், நாட்கணிப்பும், கற்கோயில்களும் உடையவராய் அவர்கள் அக்காலத்தில் வாழ்ந்தனர். அவர்களுடைய நம்பிக்கையின்படி குகை என்பது பாதலத்தின் வாய். அங்கே இறப்புக்குரிய தலைவர்கள் இருந்தனர். மழைக்கும் நீருக்கும் உரிய தெய்வமான சாக் என்பவரின் உறைவிடமும் குகைகளே. ஆதலால் உயிரைக் கொடுப்பதும் உயிரைக் கொள்ளுவதும் ஒரே வாயிலின் உள்ளே இருந்தன. அங்கே பொழுதுபோக்குக்காக எவரும் புகவில்லை. பைன் மரத்தின் பிசின் ஊறிய கட்டைகளைக் கொளுத்தி, அவ்வொளியிலே உணவும், மட்கலங்களும், நறும்புகையும் கொண்டு சென்றனர். படைத்த கலங்கள் சிலவற்றில் வேண்டுமென்றே துளையிட்டனர், சிலவற்றை உடைத்தனர். தெய்வத்துக்குக் கொடுத்த பொருள் மீண்டும் மனிதர் பயன்பாட்டுக்கு வரலாகாது என்பதே அதன் கருத்து என ஆய்வாளர் கொள்வர். இவ்வட்டாரக் குகைகளிலே தொல்லியலாளர் காணும் கரித்துண்டுகளும் ஓட்டாஞ்சில்லுகளும் அவ்வழிபாட்டின் எச்சங்களே.

பாதலத்தைப் பற்றிய கதையைக் குவாத்தமாலாவின் மேட்டுநிலத்து மாயரான கிச்சே மக்கள் பாதுகாத்தனர். ‘பொப்போல் வூ’ என்னும் அவர்களுடைய நூல் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலத்தீன் எழுத்தில் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ சிமேனெஸ் என்னும் பாதிரியார் அதனைப் பெயர்த்தெழுதியதாலேயே அது எஞ்சியது. அந்நூலிலே பாதலத்தின் பெயர் ஷிபால்பா. அச்சத்தின் இடம் என்பது அதன் பொருள். அங்கே செல்வோர் அச்சந்தரும் ஆறுகளைக் கடக்க வேண்டும். இரட்டையரான இரு இளைஞர் பாதலத் தலைவர்களால் அழைக்கப்படுகின்றனர். இருள் நிறைந்த வீட்டில் அவர்களை அடைத்து, ஒரு பந்தத்தையும் புகைச்சுருட்டுகளையும் கொடுத்து, இரவு முழுவதும் எரிந்தும் அவை குறையாது மீள வேண்டும் என்று கட்டளையிடுகின்றனர். இளைஞரோ பந்தத்தின் நுனியிலே செங்கிளியின் சிறகையும், சுருட்டின் நுனியிலே மின்மினியையும் வைத்து, நெருப்பே இல்லாமல் நெருப்பைக் காட்டி வென்றனர். அவர்களுடைய தந்தையர் தோற்ற இடத்தில் மக்கள் வென்றனர் என்பது கதை. இருளையும், விளக்கையும், குடும்பக் கடனையும் ஒன்றாகப் பிணைத்த கதை அது.

எனினும் கதையில் வென்றவாறு மண்ணிலே எல்லாரும் வெல்லவில்லை. நொஹோச் சேனுக்கு மேற்கே, அதே கயோ மாவட்டத்தில், அக்டுன் டுனிச்சில் முக்னால் என்னும் குகை உள்ளது. 1989ஆம் ஆண்டில் அது ஆய்வுலகுக்குத் தெரியவந்தது. அதன் உட்பகுதியிலே குறைந்தது 14 மனிதரின் எலும்புகள் காணப்பட்டன. குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பலியிடப்பட்டவர்கள் என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். சுண்ணாம்பு படிந்து பளிங்குபோல் மின்னும் ஓர் இளவயதினரின் என்புக்கூடு இன்றும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றது.

ஏன் இத்துணைக் கொடுமை? அதற்குரிய விடையின் ஒரு பகுதியை இன்னொரு குகை தந்துள்ளது. பெலீசின் தென்பகுதியிலுள்ள யோக் பலும் குகையிற் கற்கூம்பு ஒன்றை அறுத்து ஆராய்ந்தனர். மரத்தின் வளையங்கள் போலக் கற்கூம்பின் படைகளும் ஆண்டுக்கணக்கைக் காட்டும். அவற்றிலுள்ள ஒட்சிசனின் வகைகள் மழையின் மிகுதி குறைவைக் காட்டும். 2012ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி கி.பி. 440 முதல் 660 வரை மழை மிகுந்திருந்தது. அக்காலத்தில் மக்கள் பெருகினர், நகரங்கள் வளர்ந்தன. 660 முதல் 1000 வரை நாடு படிப்படியாக வறண்டது. அரசுகள் ஒன்றோடொன்று பொருதன. பின்பு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மழை பொய்த்த காலத்திலேயே குகைகளின் ஆழ்ந்த பகுதிகளில் வழிபாடு மிகுந்தது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. பசித்த மக்களின் கடைசி விண்ணப்பங்களே அக்கலங்களும் அவ்வுயிர்களும் எனலாம். பலியை எவரும் போற்ற வேண்டியதில்லை. அச்சத்தின் ஆழத்தை உணர்ந்தாற் போதும்.

இவ்விடத்தில் இறப்பர் வளையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கூறிய இரட்டையர் பாதலத் தலைவர்களோடு ஆடியது பந்தாட்டம். அப்பந்து இறப்பராலானது. மெக்சிக்கோவின் வளைகுடாக் கரையிலே எல் மனாட்டி என்னுமிடத்தில் கண்டெடுத்த இறப்பர்ப் பந்துகள் கி.மு. 1600 அளவிலானவை. மத்திய அமெரிக்க மக்கள் காஸ்டில்லா மரத்தின் பாலை, வெண்பூப் பூக்கும் ஒருவகைக் கொடியின் சாற்றோடு கலந்து, துள்ளும் தன்மையை அதற்கு ஊட்டினர். சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839ஆம் ஆண்டில் கந்தகத்தையும் வெப்பத்தையுங் கொண்டு இறப்பரைப் பதப்படுத்துவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கலை அங்கே கைவந்திருந்தது. காற்றடைத்த சக்கரம் 1888ஆம் ஆண்டில் டன்லொப் என்பவரால் வழக்கிற்கு வந்தது. அதற்கு வேண்டிய இறப்பர் வேறொரு மரத்தினது. பிரேசில் நாட்டு அம்மரத்தின் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. சக்கரத்தின் உள்வளையமே பின்னர் ஆற்றில் மிதக்கும் வளையமாயிற்று. அந்த வளையத்தின் முன்னோர் பிறந்த நாடுகளின் ஆற்றிலேதான் இன்று பிள்ளைகள் மிதக்கின்றனர்.

இனி இரண்டாவது விளக்கு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேயர் அக்கரையிற் குடியேறினர். அவர்கள் தேடி வந்தது பொன்னன்று, மரம். கம்பளித் துணிக்குச் சாயந்தரும் மரத்தை முதலில் வெட்டினர். அதன் விலை வீழ்ந்தபின் மகோகனி மரத்தை நாடினர். நிலத்தின் மீது உரிமை கொண்டாடிய ஸ்பானிய அரசு 1786ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் மகோகனி வெட்ட இசைந்தது. அவ்வுரிமைக்கு வகுத்த தெற்கெல்லை சிபுன் ஆறு. இவ்வாறு குகைக் கிளையாறு சென்று சேரும் அதே ஆறு இரு பேரரசுகளின் எல்லைக்கோடாயிற்று.

மரத்தை வெட்டியவர் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள். அவர்களுள்ளே திறன் மிக்க ஒருவர் உயர்ந்த மரத்தின் உச்சியிலேறி, காட்டின் பரப்பை நோக்கி, இலையின் நிறத்தைக் கொண்டே மகோகனி நிற்கும் இடத்தை அறிவார். அவர் காட்டிய திசையில் மற்றவர் பாதை வெட்டிச் சென்று மரத்தை வீழ்த்துவர். கோடையின் வெயிலை எருதுகள் தாங்கமாட்டா. ஆதலால் இரவிலே, தீப்பந்த ஒளியிலே, மரங்களை வண்டியேற்றி ஆற்றங்கரைக்கு இழுத்தனர். மாரி தொடங்கி ஆறு பெருகியதும் மரங்கள் நீரில் விடப்பட்டன. அவை மிதந்து சென்று, கீழே ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய சங்கிலியிற் சிக்கும். பெலீஸ் ஆற்றங்கரையில் பறல் பூம் என்னும் ஊர் அத்தகைய சங்கிலியாற் பெயர் பெற்றது. எருதுக்கு வெயில் ஆகாது என்று எண்ணியவர்கள், மனிதனுக்கு விலங்கு ஆகாது என்று எண்ணவில்லை.

ஆனால் காடு அடிமைக்கு ஒரு வாயிலையும் காட்டியது. பாதை வெட்டத் தெரிந்தவனுக்குத் தப்பும் பாதையும் தெரியும். சிபுனுக்கு வடக்கேயுள்ள மலைகளிலே தப்பியோடிய அடிமைகள் இரண்டு ஊர்களை நெடுங்காலமாக அமைத்து வாழ்கின்றனர் என்று 1820ஆம் ஆண்டில் குடியேற்றத்தின் மேலதிகாரி அறிவித்தார். அவ்வூர்களைப் பற்றிய நூல்களோ கல்வெட்டுகளோ இல்லை. அதிகாரியின் அச்சத்திலேதான் அம்மக்களின் வெற்றி பதிவாகியுள்ளது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1834ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் நீடித்த கட்டு 1838ஆம் ஆண்டில் அறுந்தது. இன்று அந்நாட்டில் வாழும் கிரியோல் மக்கள் பலர் அவர்களின் வழிவந்தோர்.

மூன்றாவது விளக்கு கடந்த நூற்றாண்டின் இறுதியில் ஏற்றப்பட்டது. குகையாற்றில் மிதக்கும் பயணம் அப்போதுதான் பெயர் பெறத் தொடங்கிற்று. கப்பல்களின் வரவால் அது பெருகியது. 2004ஆம் ஆண்டில் மட்டும் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கப்பற் பயணிகள் பெலீசுக்கு வந்தனர். அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது மூன்று இலட்சத்தைக்கூட எட்டவில்லை. இந்த வரவால் வழிகாட்டிகளும், சாரதிகளும், உணவு சமைப்போரும் பிழைக்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினாற் கப்பல்கள் நின்றன. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை அவை வரவில்லை. அக்காலத்தில் அக்குடும்பங்கள் பட்ட பாடு, ஒரு தொழிலையே நம்பிய நாட்டுக்கு ஓர் எச்சரிக்கை. முன்னர் மரத்தை நம்பினர். பின்னர் கப்பலை நம்பினர்.

இன்னுமொரு கேடும் உண்டு. 2012ஆம் ஆண்டில் அக்டுன் டுனிச்சில் முக்னால் குகையிலே பயணி ஒருவரின் புகைப்படக் கருவி கைதவறி விழுந்து, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கிடந்த மண்டையோடு ஒன்றை உடைத்தது. அதன்பின் அக்குகையினுள் புகைப்படக் கருவிகளுக்குத் தடை விதித்தனர். அந்தப் பயணி தீயவர் அல்லர். ஒரு கணம் கவனம் தவறியவர். மழை பொய்த்த நூற்றாண்டுகளையும், அரசுகளின் வீழ்ச்சியையும், காட்டின் பெருக்கையும் தாங்கிய பொருள் ஒரு கணத்தின் கவனக்குறைவைத் தாங்கவில்லை.

மற்றொரு பிழை கண்ணுக்குத் தெரியாதது. மாயா மக்கள் மறைந்துபோன இனத்தவர் என்று எண்ணுவதே அது. மறைந்தவை அவர்களுடைய பழைய அரசுகள், மக்கள் மறையவில்லை. யுக்கத்தேக், மோப்பான், கெக்சி என்னும் மூன்று மாயா மொழிகள் இன்றும் பெலீசிற் பேசப்படுகின்றன. தென்மாவட்டமான தொலேடோவின் மாயாக் கிராமங்கள் தம் வழக்காற்று நிலவுரிமைக்காக நீதிமன்றம் ஏறின. 2015ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் கரிபியன் நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதி செய்தது. ஆகவே அக்குகைகளைப் பற்றிப் பேசும்போது செத்தவரின் சொத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணலாகாது. உயிரோடிருக்கும் மக்களின் முன்னோர் வணங்கிய இடம் அது.

குகையின் நடுவே வந்ததும் வழிகாட்டிகள் பலர் ஒரு காரியம் செய்விப்பர். எல்லாரும் விளக்கை அணைக்க வேண்டும். அணைத்ததும் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே. நீரின் ஒலியும், அருகிலிருப்பவரின் மூச்சும், கையிலே தாங்கிய பிள்ளையின் காலும் மட்டுமே எஞ்சும். அக்கணத்திலே பிள்ளை தந்தையின் கையை இறுகப் பற்றும். மழை வேண்டிப் பந்தத்தோடு வந்த மாயாத் தந்தையும், விலங்கிலிருந்து தன் பிள்ளையைக் காக்க மலையேறிய ஆபிரிக்கத் தாயும் அறிந்த இருள் அதுவே. அவர்கள் அஞ்சியதும் பிள்ளைகளுக்காகவே.

விளக்குகள் மீண்டும் எரியும். குகையின் மறுவாயிற் பகலொளி தோன்றும். குடும்பம் கரையேறி உடை மாற்றி வண்டியேறும். கப்பல் எவருக்காகவும் காத்திராது. ஆனால் திரும்பும் வழியிலே அந்த ஒரு மணி நேரத்தில், பெற்றோர் பிள்ளைக்குக் கூறக்கூடியவை பல. நீ மிதந்த ஆறு யாருடையது, அதன் கரையில் நடந்தவர் யார், நீ தொடாது விட்ட ஓட்டாஞ்சில்லு யார் கையால் படைக்கப்பட்டது என்பனவற்றை அவர்கள் கூறலாம். கூறினால், அப்பிள்ளை கப்பலுக்குக் கொண்டுசெல்வது ஈர உடையை மட்டுமன்று. கூறாவிட்டால், மூன்றாவது விளக்கு எரிந்தும் எரியாததே.